கருவிகள் பொய் சொல்லாதிருக்க

(எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை எழுதியவர்கள் நாங்கள் நால்வர். நால்வரும் இந்தக் கல்லூரியில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தவர்கள். இப்போது ஒருவர் கிளிநொச்சியிலும் ஒருவர் கொழும்பிலும் ஒருவர் சென்னையிலும் ஒருவர் ரொறன்ரோவிலுமாக இருக்கின்றோம். தொழில் நால்வருக்கும் ஒன்றுதான். மேடையில் நிற்பது ஒருவரே என்றாலும் பேசுவது நால்வரும் என்று கொள்ளுங்கள். "இப்ப என்ன வேலை பிள்ளையள்?" என்று எங்கள் ஆசிரியைகள் கேட்கும்போதெல்லாம் "கொம்பியூட்டர் வேலை, ரீச்சர்" என்று சொல்லித் தப்பி வந்திருக்கின்றோம். இன்று அரை மணித்தியாலம் தந்திருக்கிறார்கள். தப்ப வழியில்லை.

எங்கள் வேலை சாதனச் செலுத்தி எழுதுவது. தமிழில் செலுத்தி என்றும் இயக்கி என்றும் எழுதுகிறார்கள். வேலைத்தளத்தில் எல்லோரும் 'டிரைவர்' என்றுதான் சொல்வோம். வீட்டில் அம்மம்மா ஒருவர் "இவ்வளவு படிச்சுப்போட்டு டிரைவர் வேலையோ" என்று கவலைப்பட்டதும் உண்டு.

கணினி என்றவுடன் திரையும் விசைப்பலகையும் நினைவுக்கு வரும். ஆனால் உலகத்தில் உள்ள கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்த இரண்டும் கிடையாது. சலவை இயந்திரத்துக்குள், மின்மானிக்குள், வைத்தியசாலைக் கட்டிலின் தலைமாட்டில் ஓசை எழுப்பும் பெட்டிக்குள், தோட்டத்து நீர்ப்பம்பிக்குள் என்று விரல்நகம் அளவான சிப்புகளாக அவை உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுள்ளும் ஒரு பணிசெயல் முறைமை ஓடும். றிச்சட் பரி 2003 இல் வெளியிட்ட 'ஃப்றீஆர்ட்டோஸ்' அத்தகைய ஒன்று. லினக்ஸ் அமைப்பு 2016 இல் தொடக்கிவைத்த 'செஃபிர்' இன்னொன்று. சற்றுப் பெரிய கருவிகளில் லினக்ஸே ஓடுகின்றது.

இந்தப் பணிசெயல் முறைமைக்குத் தன்னோடு எந்தச் சாதனம் இணைக்கப்பட்டிருக்கிறது என்று தானாகத் தெரியாது. "இப்போது வெப்பநிலை என்ன?" என்று கேட்க மட்டும் அதற்குத் தெரியும். மறுபக்கத்தில் இருக்கும் உணரிக்கோ அந்தக் கேள்வி விளங்காது. அதற்கு விளங்குவதெல்லாம் ஒரு கம்பியில் வோல்ற்றளவு ஏறுவதும் இறங்குவதும்தான். குறித்த பதிவகத்தில் குறித்த பிட்டை 1 ஆக்கினால் அது அளக்கத் தொடங்கும். இத்தனை மில்லிசெக்கன் பொறுத்து வேறொரு பதிவகத்தை வாசித்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை எதனால் பெருக்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்பது சிப்பைச் செய்தவர்களின் தரவுத்தாளில் இருக்கும். சில தரவுத்தாள்கள் இருபது பக்கம், சில ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். அவற்றைப் படித்து, கேள்வி கேட்பவருக்கும் விடை வைத்திருப்பவருக்கும் நடுவில் நிற்கும் நிரலை எழுதுவதுதான் எங்கள் தொழில்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் சில்லை மிதித்துச் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்ட வீடுகள் இந்த மண்டபத்தில் இருக்கும் பலருடைய வீடுகள். டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இரண்டையும் பொருத்த நடுவில் இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் வேண்டும். அவற்றைப் பழைய பலகைகளில் இருந்து கழற்றி ஈயம் வைத்து ஒட்டியவர்கள் பொறியியல் பட்டதாரிகள் அல்லர். ஒன்றுக்கொன்று பேசத் தெரியாத இரண்டு சாதனங்களைப் பேசவைத்தவர்கள் அவர்கள். அதே வேலையை நாங்கள் நிரலில் செய்கின்றோம்.

அந்த டைனமோ வானொலியில் ஒரு வசதி இருந்தது. சத்தம் திடீரென்று நின்றால், செய்தி முடிந்துவிட்டதா அல்லது மிதிக்கும் அண்ணைக்குக் களைத்துவிட்டதா என்பதைத் திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பெட்டிக்குள் மூடிவைத்த கணினிக்கு அந்த வசதி இல்லை. ஓர் உணரியிடமிருந்து பூச்சியம் வருகிறது. அளந்து பார்த்ததில் பூச்சியமா? உணரி செத்துப்போய்ப் பூச்சியமா? இரண்டையும் வேறு பிரிக்காத செலுத்தி, எவ்வளவு வேகமாக ஓடினாலும், எங்கள் கணக்கில் கூடாத செலுத்திதான். இன்று நாங்கள் சொல்ல வந்தது ஏறக்குறைய இது ஒன்றைத்தான். மிச்ச நேரம் முழுவதும் இதற்கு உதாரணம் சொல்லப் போகின்றோம்.

முதலில் இடாப்பு. வகுப்பாசிரியை காலையில் இடாப்புக் கூப்பிடுகிறார். பெயரைச் சொன்னதும் "வந்திருக்கிறேன் ரீச்சர்" என்று குரல் வந்தால் ஒரு சரி அடையாளம். குரல் வராவிட்டால் அந்தப் பிள்ளை வரவில்லை. 1982 இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'ஐ-டூ-சி' என்ற இணைப்பு முறை அச்சொட்டாக இப்படித்தான் வேலை செய்கின்றது. இரண்டே கம்பிகள். அவற்றில் பல உணரிகளைத் தொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 7 பிட் நீளமான முகவரி உண்டு. கணினி ஒரு முகவரியைக் கூப்பிட்டவுடன், அந்த முகவரிக்குரிய உணரி கம்பியைக் கீழே இழுத்து 0 ஆக்க வேண்டும். அதுதான் "வந்திருக்கிறேன் ரீச்சர்". ஒருவரும் இழுக்காவிட்டால், மேலே கட்டியிருக்கும் தடையி கம்பியை 1 இலேயே வைத்திருக்கும். எனவே ஆள் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். வயர் அறுந்தாலும் தெரியும், சிப் எரிந்தாலும் தெரியும்.

'எஸ்.பி.ஐ.' என்ற இன்னொரு முறை இதைவிட மிக வேகமானது. அதில் இடாப்பு இல்லை. கணினி கடிகாரத் துடிப்பை அனுப்பும்; ஒவ்வொரு துடிப்புக்கும் கம்பியில் என்ன இருக்கிறதோ அதை வாசிக்கும். மறுமுனையில் உணரி இல்லாவிட்டாலும் வாசிப்பு நின்றுவிடாது. அறுந்த கம்பி பெரும்பாலும் எல்லாம் 1 என்றோ எல்லாம் 0 என்றோ வாசிக்கும். எட்டு பிட்டும் 1 என்றால் 255. பார்ப்பதற்கு அதுவும் ஓர் எண்தான். அதை அப்படியே மேலே அனுப்பிவிட்டால் பணிசெயல் முறைமைக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் எஸ்.பி.ஐ. சாதனத்துக்குச் செலுத்தி எழுதும்போது, சிப்பின் அடையாள எண் பொறிக்கப்பட்ட பதிவகத்தைத்தான் முதலில் வாசிப்பார்கள். தரவுத்தாளில் உள்ள எண் வந்தால் மேலே போவார்கள். வராவிட்டால் செலுத்தி அந்த இடத்திலேயே "சாதனம் இல்லை" என்று சொல்லித் திரும்ப வேண்டும். லினக்ஸில் அதற்கு −19 என்று ஓர் எண் ஒதுக்கியிருக்கிறார்கள். பூச்சியம் திரும்பினால் காரியம் சரி, எதிர்மறை எண் திரும்பினால் பிழை என்பது அங்கே உள்ள வழக்கம். உள்ளீடு வெளியீட்டில் பிழை என்றால் −5, காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்றால் −110.

ஆலைகளில் கணினிக்கு முந்திய காலத்திலிருந்தே இதற்கு ஓர் அருமையான வழி உண்டு. அமுக்கத்தையோ நீர்மட்டத்தையோ அளக்கும் கருவி, தன் அளவை ஒரு மின்னோட்டமாகக் கம்பியில் அனுப்பும். மிகக் குறைந்த அளவுக்கு 4 மில்லி அம்பியர், மிகக் கூடிய அளவுக்கு 20 மில்லி அம்பியர். குறைந்த அளவுக்கு 0 என்று வைத்தால் கணக்கு எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும்! வேண்டுமென்றேதான் 4 என்று வைத்தார்கள். தாங்கி வெறுமையாக இருந்தால் 4 வரும். கம்பி அறுந்தால் 0 வரும். ஒன்று செய்தி, மற்றது செய்தி வரவில்லை என்ற செய்தி. இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழில் 'உயிருள்ள பூச்சியம்' எனலாம். எங்கள் நால்வருக்கும் இத்துறையில் மிகப் பிடித்த யோசனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

இனி, எமக்குத் தெரிந்த ஓர் இடத்துக்குப் போவோம். இரணைமடுக் குளக்கட்டில் நிற்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் கட்டத் தொடங்கிய குளம், பின்னர் பல தடவை உயர்த்தப்பட்டது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை அந்தக் குளத்தின் நீர்மட்டம்தான் தீர்மானிக்கின்றது. கூட்டத்தில் அடிக்கணக்கில் ஒரு எண்ணைச் சொல்வார்கள்; அந்த எண்ணை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தப் போகத்துக்குக் கடன் எடுக்கும். 2018 டிசெம்பரில் இரண்டு நாள் கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, அதே எண் வேறொரு காரணத்துக்காக ஊருக்குத் தேவைப்பட்டது.

கட்டில் ஒரு கம்பத்தை நட்டு, அதில் கழியொலி உணரி ஒன்றை நீரைப் பார்த்தபடி பொருத்துவதாக ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உணரி ஒரு ஒலித்துடிப்பை அனுப்பும். அது நீரில் பட்டு எதிரொலித்துத் திரும்பும். எடுத்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் வரும். சாதாரணதர விஞ்ஞானம்தான். பல மாதிரி நிரல்களில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 343 மீற்றர் என்று எழுதியிருப்பார்கள். அது 20 பாகை செல்சியசில் உள்ள வேகம். வன்னியில் நண்பகலில் 20 பாகை எந்த மாதத்தில் கண்டோம்? 35 பாகையில் வேகம் ஏறக்குறைய 352 மீற்றர். நீர் 5 மீற்றர் கீழே இருந்தால், அந்த நிரல் 4 மீற்றர் 87 சென்ரிமீற்றர் என்று சொல்லும். குளத்தில் 13 சென்ரிமீற்றர் நீர் கூடுதலாக இருப்பதாகத் தோன்றும். இரவில் குளிர்ந்ததும் அந்தக் கூடுதல் நீர் தானாகக் குறைந்துவிடும். யாரோ இரவில் துருசைத் திறந்துவிட்டார்கள் என்று சண்டைகூட வரலாம்.

சரி, வெப்பநிலையையும் அளந்து கணக்கைத் திருத்துவோம் என்று ஒரு வெப்ப உணரியையும் சேர்க்கிறோம். மலிவாகக் கிடைப்பதும், நீர் புகாத உறையோடு வருவதுமான 'டி.எஸ். 18பி20' என்ற சிப்பைப் பலரும் வாங்குவார்கள். அதன் மிக நுட்பமான அளவைக்கு 750 மில்லிசெக்கன் வரை வேண்டும். அந்த நேரம் பொறுக்காமல், மின் கொடுத்தவுடன் வாசித்தால் அது என்ன சொல்லும் தெரியுமா? 85 பாகை. சிப் விழித்தெழும்போது பதிவகத்தில் இருக்கும் தொடக்கப் பெறுமானம் அது. தரவுத்தாளில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அவசரமாக எழுதிய செலுத்தி அதை வெப்பநிலை என்றே எடுத்து மேலே அனுப்பும். 85 பாகையில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 379 மீற்றர். உண்மையில் 30 பாகையாக இருக்கும் ஒரு மாலையில், 5 மீற்றர் கீழே இருக்கும் நீர் 5 மீற்றர் 43 சென்ரிமீற்றர் கீழே இருப்பதாகக் காட்டும். ஏறக்குறைய ஒன்றரை அடி நீர் காணாமற்போய்விடும். வறட்சிக் காலத்தில் இந்த ஒன்றரை அடி விதைப்பு நிலத்தைக் குறைத்துவிடும். மாரியில், கட்டு நிரம்பிக்கொண்டிருக்கும் இரவில், இன்னும் இடமிருக்கிறது என்று சொல்லும். இரண்டாவதை நினைத்தால் எங்களுக்கு நித்திரை வராது.

இதிலே எந்தச் சிப்பும் பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள். வயர் அறுபடவில்லை. கணக்கில் பிழையில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னது நடுவில் நின்ற செலுத்தி மட்டுமே. "அளவை இன்னும் தயாராகவில்லை" என்று அது சொல்லியிருந்தால், மேலே உள்ள நிரல் ஒரு செக்கன் பொறுத்து மீண்டும் கேட்டிருக்கும்.

அதே கம்பத்தில் ஒரு மழைமானியும் வைக்கலாம். உள்ளே சீசோப் பலகை போல இரண்டு சிறு வாளிகள். ஒன்று நிரம்பினால் கவிழும், மற்றது ஏந்தும். பொதுவாக ஒரு கவிழ்வுக்கு 0.2 மில்லிமீற்றர் மழை. ஒவ்வொரு கவிழ்விலும் ஒரு ஆளி ஒரு கணம் மூடித் திறக்கும். அந்தக் கணத்தில் கணினிக்கு ஒரு இடைமறிப்பு வரும். சமைத்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்படுவதைப் போல. கெட்டிக்காரி கதவடியில் நின்று கதை பேச மாட்டாள். யார் வந்தது என்று ஒரு துண்டில் குறித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவாள். கதையைப் பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். இடைமறிப்பைக் கையாளும் நிரலும் அவ்வளவு சிறிதாகவே இருக்க வேண்டும். எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டுத் திரும்ப வேண்டும்.

ஆனால் உலோக ஆளி ஒருமுறை மூடும்போது உண்மையில் ஒருமுறை மூடுவதில்லை. சில மில்லிசெக்கனுக்குள் பல தடவை துள்ளும். ஒவ்வொரு துள்ளலும் ஒரு கதவுத் தட்டல். அப்படியே எண்ணினால் ஐந்து மடங்கு மழை பெய்ததாகப் பதிவாகும். ஒரு தட்டலுக்குப் பிறகு நூறு மில்லிசெக்கனுக்கு வேறு தட்டலைக் கேட்காதே என்று செலுத்தியில் எழுதினால் சரி. உண்மையான கவிழ்வு தவறிவிடாதா? மணித்தியாலத்துக்கு 100 மில்லிமீற்றர் என்ற பேய்மழையில்கூட 500 கவிழ்வுதான். அதாவது ஏழு செக்கனுக்கு ஒன்று. நூறு மில்லிசெக்கன் காதைப் பொத்துவதால் ஒரு துளியும் போகாது. இந்தச் சிறிய கணக்கைப் போடாமல் வெறும் ஊகத்தில் எண் வைப்பவர்கள் இத்துறையில் நிறையப் பேர்.

தங்கைமார் கொஞ்சம் களைத்துவிட்டதாகத் தெரிகிறது. எண்களை விட்டுவிட்டு, எமது மாவட்டங்களில் எல்லோரும் கண்ட ஒரு கருவிக்கு வருவோம்.

முகமாலையிலும் முல்லைத்தீவிலும் கண்ணிவெடி அகற்றும் பணியில் நம் பெண்கள் எத்தனையோ பேர் வேலை செய்திருக்கின்றார்கள், இன்றும் செய்கின்றார்கள். ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் என்ற பெயர்கள் எமக்கு வீட்டுப் பெயர்கள் மாதிரி. நம் வகுப்புத் தோழிகளும் அவர்களில் உண்டு. அவர்கள் கையில் உள்ள உலோகங்காணி, நிலத்துக்குள் மாறும் காந்தப்புலத்தை அனுப்புகின்றது. உலோகத்தில் அது சுழியோட்டங்களை உண்டாக்குகின்றது. அவை திருப்பி அனுப்பும் மெல்லிய சைகையைச் சுருள் பிடிக்கின்றது. மண்ணே காந்தத்தன்மை கொண்டதாக இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். இன்றைய கருவிகளில் இதையெல்லாம் செய்வது உள்ளே இருக்கும் சிறு கணினிதான்.

கருவி சத்தம் போடவில்லை என்றால் என்ன பொருள்? கீழே உலோகம் இல்லை. அல்லது, கருவி வேலை செய்யவில்லை. இந்த இரண்டு மௌனத்துக்கும் இடையில் ஒரு மனிதரின் கால் இருக்கின்றது. அதனால்தான் வேலை தொடங்கு முன் தெரிந்த ஓர் உலோகத் துண்டின் மேல் கருவியைப் பிடித்துச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது அங்கே கட்டாயம். சில கருவிகள் இடைவிடாமல் சிறு 'டிக்' ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும், தாம் உயிரோடு இருப்பதைக் காட்ட. 4 மில்லி அம்பியருக்குச் சொன்ன அதே உயிருள்ள பூச்சியம் இங்கே ஒலியாக இருக்கின்றது. இத்துறையின் அடிப்படை விதியை அந்த அக்காமார் தினமும் காலையில் வெயிலில் முழங்காலிட்டு நின்று செய்து காட்டுகின்றார்கள். நாங்கள் குளிரூட்டிய அறையில் இருந்து அதையே தட்டச்சுச் செய்கின்றோம். சம்பளம் மாறித் தரப்படுகிறது என்று எங்களில் ஒருவர் அடிக்கடி சொல்வார்.

செலுத்தி சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இத்துறையில் எல்லோரும் படிக்கும் ஒரு வழக்கு உண்டு. 'தெராக்-25' என்பது புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை கொடுக்கும் இயந்திரம். அதற்கு முந்திய மாதிரிகளில், கதிர் அளவுக்கு மிஞ்சாமல் தடுக்க வன்பொருளில் தனிப் பூட்டுகள் இருந்தன. புதிய மாதிரியில் அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் விட்டார்கள். 1985 இலிருந்து 1987 வரை ஆறு நோயாளிகள் மிகை கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். இயக்குபவர் விசைகளை மிக விரைவாக அழுத்தித் திருத்தம் செய்தால், நிரலின் ஒரு பகுதி நினைத்திருக்கும் நிலையும் இயந்திரத்தின் உண்மை நிலையும் வேறுவேறாகிவிடும். அந்த நேரத்தில் திரையில் வந்தது "கோளாறு 54" என்ற இரண்டு சொல். அது என்ன கோளாறு என்று இயக்குபவர்களுக்குக் கொடுத்த கைந்நூலில் விளக்கம் இல்லை. சிறிய கோளாறுகள் அடிக்கடி வந்து பழகிப்போயிருந்ததால், தொடர்க என்ற விசையை அழுத்தினார்கள். விளங்காத பிழைச்செய்தி மௌனத்தைவிட மோசமானது என்பது எங்கள் கருத்து.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு கதை சொல்ல வேண்டும். 1969 யூலை 20 இல் அப்பலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கணினி 1202 என்று ஓர் எச்சரிக்கை காட்டியது. அப்போது தேவைப்படாத ஒரு ரேடாரின் இணைப்பிலிருந்து ஓயாமல் சைகைகள் வந்து கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. செலுத்தி எழுதுகிறவர்கள் கதை கேட்டவுடன் 'ஐயோ' என்று தலையில் கைவைக்கும் இடம் அது. ஆனால் மாகிரட் ஹமில்ரன் தலைமை தாங்கிய குழுவின் மென்பொருள் பொய் சொல்லவில்லை. "எனக்கு வேலை மிஞ்சிவிட்டது, முக்கியமில்லாதவற்றை விட்டுவிட்டு முக்கியமானதை மட்டும் செய்கிறேன்" என்பதுதான் 1202 இன் பொருள். தரையில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. தொடரலாம் என்றார்கள். இறங்கினார்கள். இப்பெண்மணியின் படம் ஒன்று, தன் உயரத்துக்கு அடுக்கிய நிரல் தாள்களுக்குப் பக்கத்தில் நிற்பது, மிகப் பிரபலமானது. எமது கணினி ஆய்வுகூடத்தில் அதை மாட்டலாம்.

இவ்வளவு கவனம் ஏன் செலுத்திகளுக்கு மட்டும் என்று கேட்கலாம். லினக்ஸின் மொத்த நிரல் வரிகளில் பாதிக்கு மேல் செலுத்திகள்தான். 2001 இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தவர்கள் லினக்ஸை ஆராய்ந்தபோது, மற்றப் பகுதிகளைவிடச் செலுத்திகளில் பிழை வீதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். காரணம் விளங்கக்கூடியதுதான். பணிசெயல் முறைமையின் மையப் பகுதியை ஆயிரக்கணக்கான கண்கள் பார்க்கின்றன. எங்கோ ஒரு மூலையில் உள்ள ஒரு உணரியின் செலுத்தியை, அந்த உணரியைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே சோதிக்க முடியும். அந்தக் கை நம்முடையதாகவும் இருக்கலாம். திருத்தம் சரியாக இருந்தால் எழுதியவரின் பெயரோடு அது உலகம் முழுவதற்கும் போகும். எந்த ஊர், எந்தப் பாடசாலை என்று யாரும் கேட்பதில்லை.

இது தமிழர் புழங்காத துறையும் அல்ல. சென்னையில் இந்தியத் தொழினுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் 'சக்தி' என்ற பெயரில் தாமே நுண்செயலிகளை வடிவமைத்து, 2018 இல் அவற்றில் ஒன்றில் லினக்ஸை ஓடவைத்தார்கள். புதிய செயலி ஒன்று பிறந்தால் அதற்கு உலகத்தில் எந்தச் செலுத்தியும் இருக்காது. தொடர் இணைப்பு, நேரங்கணிப்பி, ஐ-டூ-சி, எஸ்.பி.ஐ. என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது இருந்து முதல் வரியிலிருந்து எழுத வேண்டும். எழுதினார்கள். எமக்குக் கிட்டடியில், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கின்றது. அங்கே கணினிப் பொறியியலும் மின், மின்னணுப் பொறியியலும் படிக்கலாம். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது. நாங்கள் படித்த காலத்தில் பொறியியல் படிக்க வேண்டுமென்றால் ஓமந்தையைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தை இங்கே விபரிக்க வேண்டியதில்லை, அக்காமாருக்குத் தெரியும்.

இனிச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். நூற்றாண்டு நிதியிலிருந்து கல்லூரிக்கு என்ன செய்வது என்று செயற்குழு கலந்துரையாடி வருவதை அறிவோம். பெரிய தொடுதிரைப் பலகை ஒன்று வாங்கும் யோசனை முன்வைக்கப்பட்டிருக்கிறது. மரியாதையோடு நாங்கள் மாறுபடுகின்றோம். தொடுதிரையைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். திறந்து பார்க்க மாட்டார்கள். அதே பணத்தில் ஒரு வகுப்புக்குப் போதுமான நுண்கட்டுப்படுத்திப் பலகைகள், ஈயம் ஒட்டும் கோல்கள், சில உணரிகள், பல்மானிகள் வாங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அலைவுகாட்டி வேண்டும். தரவுத்தாள் ஒன்றைச் சொல்லும், நிரல் ஒன்றைச் சொல்லும். கம்பியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அலைவுகாட்டி மட்டுமே காட்டும். ஆளி துள்ளுவதை ஒரு பிள்ளை ஒருமுறை அதன் திரையில் தன் கண்ணால் கண்டுவிட்டால் பிறகு அவளுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

பெட்டி திறக்கப்படாமல் அலுமாரிக்குள் இருந்துவிடக் கூடாது என்பதற்காக, எங்களில் கிளிநொச்சியில் இருப்பவர் சனிக்கிழமைகளில் வந்து வகுப்பு எடுப்பார். மற்ற மூவரும் இணையவழியில் சேர்ந்துகொள்வோம். முதல் தவணைப் பாடத்திட்டமும் தயார். முதலாவது வேலை, டி.எஸ். 18பி20 ஐக் கொடுத்து, அது எப்போது 85 என்று சொல்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கவிடுவது. இரண்டாவது, உணரியின் வயரை வகுப்பு நடுவில் நாங்களே கழற்றிவிட்டு, யாருடைய நிரல் அதைச் சொல்கிறது என்று பார்ப்பது. இரணைமடுக் கணக்கு மூன்றாம் தவணைக்கு.

வெளிநாடுகளில் இருக்கும் அக்காமார், தோழிகள் வேலைத்தளங்களில் கழித்துவைக்கும் பலகைகளும் உணரிகளும் எமக்குப் பெரிய உதவியாக இருக்கும். அனுப்ப விரும்புவோர் சங்கச் செயலாளருடன் தொடர்பு கொள்ளுங்கள். பலகையின் பெயரையும் இலக்கத்தையும் ஒட்டி அனுப்புங்கள். தரவுத்தாளையும் சேர்த்து அனுப்புங்கள். பழுதான பலகை என்றால் பழுது என்று எழுதி அனுப்புங்கள். அதற்கும் ஒரு பாடம் வைத்திருக்கின்றோம்.